தினமும் யோகா: முதல் மூன்று மாதத்தைத் தாண்டுவது எப்படி?

யோகா ஆரம்பிக்கிறவர்கள் பாதியில் விட்டுவிடுவதற்கு, நான் பார்த்த வரையில், ஒரே காரணம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ஆரம்பமே பெரிதாக இருந்துவிடுகிறது. ஜனவரி முதல் தேதியோ ஜூன் 21 யோகா தினமோ வந்ததும் ஒரு வேகம் பிறக்கும். புதுப் பாய் வாங்கி, விடிகாலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து, முதல் நாளே பன்னிரண்டு சுற்று சூரிய நமஸ்காரம், அப்புறம் மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளுகிற கபாலபாதி, அப்புறம் அரை மணி நேரம் தியானம் என்று எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். நான்காம் நாள் தொடை பிடித்துக்கொள்ளும். பத்தாம் நாள் ஊரிலிருந்து விருந்தாளி வருவார். அதோடு பாய் பீரோவுக்குப் பின்னால் போய்விடும்.

அதனால் நான் சொல்லப்போவதெல்லாம் ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்: பதினைந்து நிமிடம், ஒரே வரிசை, ஒரே நேரம், மூன்று மாதம். அதற்கு மேல் முடியும் என்று தோன்றினாலும் அந்தப் பதினைந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாமே என்ற ஆசையோடு பாயைச் சுருட்டுகிறவர்தான் மறுநாளும் விரிக்கிறார்.

மூன்று மாதம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்துச் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமலே நடக்கிற அளவுக்கு ஊறிப்போக சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது, தண்ணீர் குடிப்பது மாதிரி சின்னப் பழக்கங்களைவிட உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. 21 நாளில் எல்லாம் பழகிவிடும் என்று ஊரெல்லாம் சொல்கிற கணக்கை நம்பிக்கொண்டு, 22ஆம் நாளும் எழுந்திருக்கக் கஷ்டமாக இருக்கிறதே என்று மனம் விட வேண்டாம். நம் ஆட்கள் ஒரு மண்டலம், 48 நாள் என்று சொல்வது இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. அதற்கு மேலும் ஒன்றரை மாதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உடம்பு நிலைமை

ரத்த அழுத்தம், இதய நோய், கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய், குடலிறக்கம், டிஸ்க் பிரச்சினை, அடிக்கடி தலைசுற்றல், வலிப்பு, சமீபத்தில் நடந்த ஆபரேஷன், கர்ப்பம்: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். எப்படிக் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். "டாக்டர், யோகா பண்ணலாமா?" என்று மொட்டையாகக் கேட்டால் "தாராளமா பண்ணுங்க" என்றுதான் பதில் வரும், அது எதற்கும் உதவாது. கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள். இடுப்பிலிருந்து குனியலாமா? தலை இதயத்துக்குக் கீழே போகலாமா? மூச்சை அடக்கலாமா? குப்புறப் படுத்து எழும்பலாமா? தரையில் உட்கார்ந்து எழலாமா? இந்த ஐந்துக்கும் பதில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டால், எந்தப் பயிற்சி உங்களுக்கு ஆகும், எது ஆகாது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் விடிகாலை வெறும் வயிற்றில் செய்வதைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும், பாய்க்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: யோகா செய்ய ஆரம்பித்துவிட்டோம் என்று பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் தாங்களாகவே நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த மாஸ்டர் சொன்னாலும் செய்யாதீர்கள். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் வேலை.

நேரம் பிடிப்பது

பிரம்ம முகூர்த்தத்தில்தான் செய்ய வேண்டும் என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகவில்லை, ஆனால் உங்கள் வீட்டுக் காலை எப்படி ஓடுகிறது என்பதை முதலில் பாருங்கள். மோட்டார் போட வேண்டும், பால் வாங்க வேண்டும், டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும், ஏழரைக்கு ஸ்கூல் வேன் வந்து ஹாரன் அடிக்கும். அடுப்படிப் பொறுப்பு முழுக்கத் தன் தலையில் இருக்கிற ஒரு பெண்ணிடம், இதற்கும் முன்னால் நாலரை மணிக்கு எழுந்து யோகா செய் என்று சொல்வது அநியாயம். தூக்கத்தை வெட்டி யோகாவுக்குக் கொடுத்தால் இரண்டுமே கெடும். வேன் கிளம்பிப் போனதும் வீடு அமைதியாகும் பாருங்கள், அந்த ஏழே முக்கால் மணிதான் அவருக்கு நல்ல நேரம். அதுவரை இட்லியைத் தள்ளிப்போட்டால் போதும்.

சாயங்காலமும் நல்ல நேரம்தான். உடம்பு காலையைவிட இளகி இருக்கும் என்பதால் மூட்டு விறைப்பு உள்ளவர்களுக்கு இன்னும் வசதி. அதற்கு இடைஞ்சல் ஒன்றே ஒன்று, ஆபீஸ் விட்டு வந்ததும் காபியோடு வருகிற பஜ்ஜியும் முறுக்கும். முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு சுமார் நான்கு மணி நேரம், டிபனோ நொறுக்குத்தீனியோ என்றால் இரண்டு மணி நேரம், வெறும் காபி டீ என்றால் அரை மணி நேரம் விட்டுச் செய்யுங்கள். சாப்பிட்டதும் உட்காரக்கூடியது, முட்டி மடக்கிக் குதிகால் மேல் உட்கார்கிற வஜ்ராசனம் மட்டும்தான்.

கடிகாரத்தை மட்டும் நம்பி நேரம் வைக்காமல், ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போடுங்கள். "ஆறு மணிக்கு" என்று வைத்தால் ஆறு பத்து ஆனதும் இன்றைக்கு அவ்வளவுதான் என்று தோன்றும். "பல் தேய்த்ததும், காபிக்கு முன்னால்" என்று வைத்தால் எழுந்தது எத்தனை மணியானாலும் அது நடக்கும். நம் வீடுகளில் காலைக் காபியைவிடப் பலமான முளைக்குச்சி வேறு கிடையாது, அதில் கட்டிவிடுங்கள். குளித்துவிட்டா, குளிக்காமலா என்று நிறையப் பேர் கேட்பார்கள். குளித்துவிட்டுச் செய்தால் உடம்பு இளகி இருக்கும். குளிக்காமல் செய்தாலும் தப்பில்லை, முடித்ததும் ஒரு இருபது நிமிடம் விட்டுக் குளியுங்கள். குளிக்க நேரமில்லை என்பதற்காக யோகாவை விடாதீர்கள், அவ்வளவுதான்.

இடம், பாய், துணி

மொட்டை மாடியில் சூரியனைப் பார்த்துச் செய்ய எல்லோருக்கும் ஆசை. மே மாதத்தில் ஏழு மணிக்கே தரை சுடும், ஐப்பசி கார்த்திகையில் மழை, நடுவில் கொசு. மாடியை நம்பி ஆரம்பித்தவர்கள் வடகிழக்குப் பருவமழையோடு நிறுத்திவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் ஆறடிக்கு மூன்றடி இடமும், கை ஊன்ற ஒரு வெற்றுச் சுவரும் இருந்தால் போதும். கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற சந்தானாலும் சரி. அந்த இடத்தில் துணிக்கூடையோ குழந்தையின் சைக்கிளோ வந்து குடியேறாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டமான வேலை.

பாய் விஷயத்துக்கு வருவோம். ரிஷிகேஷில் 1936-ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவிய சுவாமி சிவானந்தர் பிறந்தது நம் பத்தமடையில், கோரைப் பாய்க்குப் பெயர்போன ஊர். அந்தக் கோரைப் பாய் உட்கார்ந்தும் படுத்தும் செய்கிறவற்றுக்கு அருமையானது, வேர்வை ஒட்டாது. ஆனால் டைல்ஸ் தரையில் போட்டு அதன் மேல் நின்று காலை அகட்டினால் பாயோடு சேர்ந்து வழுக்கும். ஜமுக்காளமும் அப்படித்தான். ஆகவே நின்று செய்வதை வெறும் தரையில், வெறுங்காலோடு செய்யுங்கள். உட்காரும்போதும் படுக்கும்போதும் பாய்க்கு வாருங்கள். ரப்பர் பாய் வாங்குவதாக இருந்தால் 4 முதல் 6 மில்லிமீட்டர் தடிமன் போதும். மெத்தை மாதிரி தடிமனாக வாங்கினால் ஒற்றைக் காலில் நிற்கும்போது பாதம் அமுங்கி ஆட்டம் காணும். இது தவிர இரண்டு தலையணை, ஒரு பழைய போர்வை, ஒரு துண்டு. புதுசாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. நைட்டியிலோ வேட்டியிலோ காலைத் தூக்குவது சிரமம், பழைய சுடிதார் பேண்ட்டோ டிராக் பேண்ட்டோ போட்டுக்கொள்ளுங்கள். ஃபேன் மெதுவாக ஓடட்டும்.

யாரிடம் கற்றுக்கொள்வது

வீடியோ பார்த்துச் செய்யலாமா என்றால், வரிசையை ஞாபகம் வைத்துக்கொள்ள வீடியோ உதவும், ஆனால் உங்கள் முட்டி கோணுவதை அது பார்க்காது. முதல் சில வகுப்புகளாவது ஓர் ஆள் முன்னால் நின்று கற்றுக்கொள்ளுங்கள். வேதாத்திரி மகரிஷி உருவாக்கிய மனவளக்கலை மன்றங்கள் தமிழ்நாட்டில் சின்ன ஊர்களில்கூட இருக்கின்றன. கை, கால், மூச்சு, கண் என்று படிப்படியாகப் போகும் அவர்களுடைய எளியமுறை உடற்பயிற்சி, வயதானவர்களுக்கும் உடம்பே அசைக்காமல் பல வருஷம் இருந்தவர்களுக்கும் நல்ல தொடக்கம். நோய் இருப்பவர்கள் சென்னையில் என்றால் அரும்பாக்கத்தில் உள்ள அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரிக்குப் போய்க் கேட்கலாம். மற்ற ஊர்களில் அரசு மருத்துவமனையில் யோகா பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள், பல இடங்களில் இருக்கிறது.

நல்ல மாஸ்டர் யார் என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஆசனம் சொல்லிக்கொடுக்கும் முன் உங்கள் உடம்பைப் பற்றி நாலு கேள்வி கேட்டாரா? முடியாதபோது மாற்று வழி காட்டினாரா? நடுவில் ஓய்வெடுக்க விட்டாரா? இதெல்லாம் இருந்தால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதுகில் ஏறி அழுத்துகிறவர், "வலிச்சாதான் வளையும்" என்கிறவர், எல்லோரையும் ஒரே அளவில் குனியச் சொல்கிறவர், இவர்களிடமிருந்து மரியாதையாக வெளியே வந்துவிடுங்கள்.

இந்த இடத்தில் யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. 1930-களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் இளைஞர்களுக்கு அவர் கற்றுக்கொடுத்த யோகா வேகமும் கடுமையும் நிறைந்தது. பின்னால் பெயர்பெற்ற யோகா ஆசிரியர்களான பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிசும் அந்தக் காலத்து மாணவர்கள். அதே மனிதர் 1950-களில் சென்னைக்கு வந்த பிறகு, தன்னைத் தேடி வந்த நடுத்தர வயதுக்காரர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஆளுக்குத் தகுந்த மாதிரி தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தார். அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் அந்த வழியில்தான் நடக்கிறது. நூறு வயது வாழ்ந்த ஓர் ஆசிரியரே இருபது வயதுப் பையனுக்கு ஒன்று, ஐம்பது வயதுக்காரருக்கு வேறொன்று என்று மாற்றியிருக்கிறார். அப்படியிருக்க, பக்கத்துப் பாயில் இருப்பவர் கால் விரலைத் தொடுகிறாரே என்று நீங்கள் ஏன் உங்கள் இடுப்பைச் சித்திரவதை செய்ய வேண்டும்?

அந்தப் பதினைந்து நிமிடம்

வரிசையை மாற்றாதீர்கள். ஒரே வரிசை சலிப்பு தட்டும் என்று பயப்படுவார்கள், ஆனால் இன்றைக்கு எதைச் செய்யலாம் என்று யோசிக்க ஆரம்பித்த நாளில்தான் பலரும் செய்யாமலே எழுந்து போகிறார்கள். மூச்சு முழுக்க மூக்கு வழியாக. எங்கேயும் அடக்க வேண்டாம்.

முதலில் நில்லுங்கள். பாதங்களுக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளி, பாரம் குதிகாலிலும் முன்பாதத்திலும் சமமாக. மூச்சை இழுத்துக்கொண்டே இரண்டு கைகளையும் முன்பக்கமாக மேலே கொண்டுபோங்கள், விட்டுக்கொண்டே இறக்குங்கள். கை கிளம்புவதற்கு ஒரு கணம் முன்னால் மூச்சு கிளம்பட்டும், கை நின்ற பிறகு ஒரு கணம் கழித்து மூச்சு முடியட்டும். ஆறு தடவை. பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் மீதி அத்தனை ஆசனத்துக்கும் இதுதான் அடிப்படை. இதை ஒழுங்காகச் செய்கிறவருக்குப் பாதி யோகா வந்துவிட்டது என்றே சொல்வேன்.

அப்புறம் அதே மாதிரி கையை உயர்த்தி, மூச்சை விட்டுக்கொண்டே முன்னால் குனியுங்கள், முட்டியைத் தாராளமாக மடக்கிக்கொண்டு. விரல் தரையைத் தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை. வயிறு தொடையை நோக்கி வர வேண்டும், அதுதான் கணக்கு. நான்கு தடவை. பிரஷர், கண் அழுத்தம், தலைசுற்றல் உள்ளவர்கள் கீழே வரை போகாமல் சுவரிலோ நாற்காலி முதுகிலோ கையை ஊன்றி இடுப்பளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்து விருட்சாசனம், சுவரை ஒட்டி நின்று. ஒரு காலில் நின்று மற்றப் பாதத்தைக் கெண்டைக்காலிலோ உள்தொடையிலோ வையுங்கள், முட்டியின் மேல் மட்டும் வைக்காதீர்கள். வயதானவர்கள் பெருவிரல் தரையிலேயே இருக்க, குதிகாலை மட்டும் கணுக்காலில் சாய்த்தால் போதும். எதிரே ஒரு புள்ளியைப் பார்த்தபடி ஒவ்வொரு பக்கமும் ஐந்து மூச்சு.

இப்போது பாய்க்கு வாருங்கள். முட்டிக்குக் கீழே துண்டை மடித்துப் போட்டு, கையும் முட்டியும் ஊன்றிப் பூனை மாதிரி நின்று, மூச்சை இழுக்கும்போது முதுகை லேசாகக் குழித்து, விடும்போது மேலே வளைக்கிற மார்ஜாரி ஆசனம், எட்டு தடவை. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிறவர்களுக்கு இதைவிட இதமானது வேறு இல்லை. மணிக்கட்டு வலித்தால் முஷ்டி மடக்கி ஊன்றுங்கள்.

அடுத்தது புஜங்காசனம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவது பெரும்பாலும் இதில்தான். குப்புறப் படுத்து நெற்றியைத் தரையில் வையுங்கள். கால்கள் இடுப்பு அகலத்துக்கு விரிந்து, விரல் நுனிகள் பின்னால் நீண்டிருக்கட்டும். உள்ளங்கைகள் மார்புக்குப் பக்கத்தில், முழங்கைகள் விலாவை ஒட்டி. மூச்சை இழுத்துக்கொண்டே மார்பைத் தூக்குங்கள். இப்போது உள்ளங்கைகளைத் தரையிலிருந்து ஒரு விரற்கடை உயர்த்திப் பாருங்கள். கையின் தயவில்லாமல் மார்பு எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அதுதான் இன்றைக்கு உங்களுக்கான புஜங்காசனம். நாலு விரற்கடை உயரமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். படத்தில் இருப்பது மாதிரி கையை நட்டு ஊன்றி, தலையைப் பின்னால் தள்ளினால் முதுகெலும்பு முழுவதும் வளையாது, இடுப்புக்கு மேலே ஒரே இடத்தில் மடங்கும், மறுநாள் அங்கேதான் பிடித்துக்கொள்ளும். பார்வை முன்னால் ஓரடி தள்ளித் தரையில், பின்கழுத்து நீண்டு. மூச்சு விடும்போது இறங்கி, கன்னத்தைத் தரையில் சாய்த்து ஒரு மூச்சு ஓய்வு. இப்படி நான்கு தடவை. கர்ப்பிணிகளுக்கும் புதிதாக வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் இது வேண்டாம்.

பின்னால் வளைந்ததற்கு ஈடாக உடனே மல்லாந்து, இரண்டு முட்டிகளையும் கையால் பிடித்து வயிற்றை நோக்கி இழுத்து விடுங்கள், ஆறு மூச்சு. பிறகு பாதங்களை ஊன்றி, மூச்சை இழுக்கும்போது இடுப்பைத் தூக்கி, விடும்போது இறக்குகிற சேதுபந்தாசனம், நான்கு தடவை. மறுபடி முட்டியை ஒரு தடவை கட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது மல்லாந்து படுத்து உடம்பைத் தளர விடுகிற சவாசனம், மூன்று நிமிடம். முதுகு தரையில் படாமல் உறுத்தினால் முட்டிக்கு அடியில் தலையணை. நேரமாகிவிட்டது என்று எல்லோரும் வெட்டுவது இதைத்தான். வெட்ட வேண்டுமென்றால் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், இதை விடாதீர்கள். உடம்பை முறுக்கி எழுந்து நேராக அடுப்படிக்கோ பைக்குக்கோ ஓடினால் மிஞ்சுவது களைப்புதான்.

கடைசியாகச் சம்மணம் போட்டு, போர்வையை மடித்து அதன் மேல் உட்கார்ந்து, நாடி சுத்தி. இடுப்பு முட்டியைவிட உயரத்தில் இருந்தால் முதுகு தானாக நிமிரும். தரையில் முடியாதவர்கள் நாற்காலியில் உட்காரலாம், குறைவொன்றுமில்லை. வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கி, கட்டைவிரலால் வலது நாசியை மூடி இடதில் இழுங்கள். மோதிர விரலால் இடதை மூடி வலதில் விடுங்கள். வலதிலேயே இழுத்து இடதில் விடுங்கள். இது ஒரு சுற்று, இப்படி ஆறு சுற்று. இழுப்பதைவிட விடுவது கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் விரல் வைக்காமல் சும்மா மூச்சைக் கவனியுங்கள்.

கபாலபாதி இந்த வரிசையில் இல்லை. தெரிந்தேதான் விட்டிருக்கிறேன். பிரஷர், இதயக் கோளாறு, குடலிறக்கம், வலிப்பு, கர்ப்பம் உள்ளவர்களுக்கு அது ஆகாது, மற்றவர்களும் நேரில் கற்றுக்கொண்டுதான் செய்ய வேண்டும். வரிசையில் செய்யக்கூடிய ஒரே மாற்றமாக, சூரிய நமஸ்காரத்தை இரண்டாவது மாதத்திலிருந்து, குனிவதற்குப் பதிலாக இரண்டு சுற்று சேர்க்கலாம், அதற்கு முன்னால் வேண்டாம். பன்னிரண்டு நிலைகளில் மணிக்கட்டு, தொடையின் பின்தசை, இடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் வேலை வாங்கப்படுவதால், தயாராகாத உடம்பை அது சீக்கிரம் சாய்த்துவிடும்.

இழுப்பா, வலியா?

தசையின் நடுப்பகுதியில் இழுக்கிற மாதிரி இருந்து, ஆசனத்தை விட்டதும் கரைந்து போனால் அது சரிதான். மூட்டுக்குள் குத்தினால், காலுக்கோ கைக்கோ சுர்ரென்று ஓடினால், மரத்துப்போனால், அன்றைக்கு அந்த ஆசனத்தை நிறுத்திவிடுங்கள். மறுபடியும் வந்தால் டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு அடைத்தாலோ கண் இருட்டினாலோ மொத்தமாக நிறுத்த வேண்டியதுதான், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இவ்வளவு பெரிதாக இல்லாத நாட்களில் மூச்சே நல்ல அளவுகோல். மூச்சு திணறி உடைந்தால் நீங்கள் போன தூரம் அதிகம், பாதியாகக் குறையுங்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு செய்கிற எந்த ஆசனமும் அன்றைக்கு உங்களுடையது இல்லை.

விட்டுப்போகாமல் இருக்க

தினசரி காலண்டர் மாட்டியிருக்கும் வீடாக இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள்: யோகாவை முடித்த பிறகுதான் நேற்றைய தேதித் தாளைக் கிழிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், வேறு யாரும் கிழிக்கக் கூடாது. பத்து மணி வரை நேற்றைய தேதியே தொங்கினால் ராகு காலம் பார்க்க வருகிற அம்மாவே உங்களைக் கேட்பார். செல்போனில் செயலி வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பதைவிட இது நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் அந்த நேரத்தில் போனைக் கையில் எடுத்தாலே பதினைந்து நிமிடம் வேறு எங்கோ போய்விடும். நேரம் பார்க்கச் சுவர்க் கடிகாரம் போதும்.

முடியாத நாளுக்கென்று மூன்று நிமிட வடிவம் ஒன்றை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஆறு தடவை கை உயர்த்துவது, முட்டியைக் கட்டிக்கொள்வது, பத்து மூச்சு படுத்திருப்பது. கல்யாண மண்டபத்து அறையிலும், ஊருக்குப் போன இடத்திலும், தீபாவளி அன்றைக்கும் இதைச் செய்துவிடலாம். இது ஏமாற்று வேலை இல்லை, பழக்கத்தின் நூலை அறுபடாமல் பிடித்துக்கொள்வது இதுதான். அதுவும் முடியாமல் ஒரு நாள் தவறிவிட்டால் பரவாயில்லை, முன்னால் சொன்ன லண்டன் ஆய்விலும் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அடுத்தடுத்து இரண்டு நாள் விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விட்ட நாளுக்கு ஈடாக மறுநாள் இரட்டிப்பாகச் செய்யவும் வேண்டாம்.

காய்ச்சல் அடித்தால் ஆசனம் எதுவும் கூடாது, படுத்தபடி மூச்சைக் கவனித்தால் போதும். காய்ச்சல் விட்டதும் இரண்டு நாள் பாதி வரிசை. மாதவிலக்கு நாட்களில் உடம்பு சொல்கிறபடி செய்யுங்கள். அசதியாக இருந்தால் பூனையும் சவாசனமும் மட்டும் போதும். குழந்தை முதுகில் ஏறினால் பக்கத்தில் ஒரு துண்டை விரித்துக் கொடுத்துவிடுங்கள், பூனை ஆசனம் அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டில் இன்னொருவர் கூடவே செய்தால் அதைவிடப் பெரிய பலம் இல்லை, ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தி இழுக்காதீர்கள்.

எடை குறையவில்லை என்று ஒரு மாதத்தில் விடுகிறவர்கள் உண்டு. இந்தப் பதினைந்து நிமிடத்தால் எடை குறையாது, அதற்கு நடையும் சாப்பாடும் வேண்டும். முதலில் தெரிகிற மாற்றங்கள் வேறு மாதிரி இருக்கும். தரையில் உட்கார்ந்து எதையும் பிடிக்காமல் எழுந்திருப்பீர்கள். பஸ்ஸில் ஏறும்போது முதுகு முனகாது. கோபத்தில் வாய் திறக்கும் முன் ஒரு மூச்சு வந்து நிற்கும். இவற்றைக் கவனியுங்கள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு

காலண்டர் தாள் தடையில்லாமல் கிழிந்துகொண்டே இருக்கிறது என்றால் இப்போது ஒன்றே ஒன்றைச் சேர்க்கலாம். நாடி சுத்தியை ஐந்து நிமிடமாக்கலாம், அல்லது சூரிய நமஸ்காரத்தை நான்கு சுற்றாக்கலாம், அல்லது காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிகிற பச்சிமோத்தாசனம் மாதிரி ஒரு புது ஆசனம். இரண்டைச் சேர்க்க ஆசை வரும், அடுத்ததற்கு இன்னும் ஒரு மாதம் போகட்டும். தோளில் நிற்கிற சர்வாங்காசனம், தலையில் நிற்கிற சிரசாசனம் இரண்டையும் வீடியோ பார்த்து முயற்சி செய்யவே செய்யாதீர்கள். கழுத்துத் தேய்மானம், பிரஷர், கண் அழுத்தம் உள்ளவர்களுக்கு அவை வேண்டாம். மற்றவர்கள் மாஸ்டர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். சர்வாங்காசனத்துக்குப் போர்வைகளை மடித்துத் தோளுக்கு அடியில் மட்டும் வைத்து, தலை அதைவிடத் தாழ்வாகத் தரையில் இருக்கும்படி செய்கிற முறையை அவரிடம் கேட்டு வாங்குங்கள். அப்போதுதான் பாரம் கழுத்துக்குப் போகாமல் தோளில் நிற்கும்.